சார் பென்ச்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நீங்கள் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு சுவராவது நான் எழுப்பினதாக இருக்கும். இரும்பு உருக்குகிற கம்பெனிக்குப் புகைபோக்கி நிற்கிறதே, அதன் அஸ்திவாரக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கான்கிரீட் போட்டவன் நான்தான். ஊத்துக்கோட்டையில் ரைஸ் மில், மீஞ்சூரில் தண்ணீர் டாங்கி, செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரில் மாடி வைத்த கடைகள், சொந்தத்தில் செங்கல் சூளை, என் பேர் எழுதின லாரிகள். எல்லாம் இந்தக் கை. அப்பன் பாட்டன் விட்டுப் போனது ஒன்றும் கிடையாது. அவர்கள் அடுத்தவன் கழனியில் அண்டை வெட்டிச் செத்தவர்கள்.

படிப்பு ரெண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்து போடக் கற்றுக்கொண்டதே சிமெண்டு பர்மிட் வாங்குவதற்காக. மற்ற எழுத்தெல்லாம் அப்புறம் கணக்கு நோட்டில் பழகினது. எங்கள் தெருவில் மண் சுமந்தவர்கள் உண்டு, கல் சுமந்தவர்கள் உண்டு. சாந்து பூசுகிற கரணையைப் பிடித்தவர் எனக்கு முன்னால் ஒருவர் கிடையாது. சாந்துச் சட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கணும், அதுதான் எங்கள் வேலை. ஒதுங்கி நின்ற இடத்திலிருந்தே நான் கண்ணால் தொழிலைத் திருடினேன். இருபது வயசு தாண்டிக் கொஞ்ச நாளில் ஜனங்கள் என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கீழே ஆள் நின்றது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயத்துக்கு நான் வெட்கப்படுகிற ஆள் இல்லை.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது புகைபோக்கியைப் பற்றி இல்லை. முதன்முதலாக என் சொந்தப் பொறுப்பில் கட்டின ஒரு ஷெட்டைப் பற்றி. திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற ரோட்டில், எங்கள் ஊர்த் திருப்பத்தில், ஒரு வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. இன்னமும் இருக்கிறது. நான் கட்டினது விழாது.

அரிசிக்கு க்யூவில் நின்ற காலம் அது. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் காலேஜ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஏழை ஜனங்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். எந்தக் காலேஜ் என்று நான் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். பஞ்சாயத்தில் இடம் கொடுத்தார்கள். கட்டிடத்துக்குக் காண்ட்ராக்ட் எடுத்தவன் கடைக்கால் தோண்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணோம். மழை பெய்து குழியில் தவளை கத்தியது. நான் போய், நான் கட்டுகிறேன் என்றேன். சூளையில் கழித்துப் போட்ட கல்லைப் பொறுக்கி, சுண்ணாம்பும் மணலும் குழைத்து, பனங்கை போட்டு நாட்டு ஓடு வேய்ந்தேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, குறுக்கே ஒரு படுதா. வாசலை ஒட்டி நீளமாக ஒரு பனம்பலகை பென்ச். திறப்பு விழாவுக்குப் பெரிய டாக்டர் வருவதாகச் சொன்னார்கள். அவரை எல்லாரும் சார் என்றார்கள். வரவில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து நின்றார்கள். கடைசியில் வேன் டிரைவர் வெட்டினார்.

அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அதைச் சொல்லிவிட வேண்டும். மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள், பின்னல் போட்ட பெண்கள், எல்லார் கழுத்திலும் ஒரு குழாய். ஒருத்தர் நோயாளியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். இன்னொருத்தர் படுதாவுக்குப் பின்னால் புஸ்தகத்தைப் புரட்டுவார். கேள்வி கேட்கிறவருக்குச் சந்தேகம் வந்தால், "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லி படுதாவுக்குப் பின்னால் போய்விட்டு வருவார். எங்கள் ஜனங்களுக்கு இது பழகிப்போயிற்று. பக்கம் புரளுகிற சத்தம் கேட்காமல் மாத்திரை வந்தால் சாதாரணக் காய்ச்சல். சத்தம் நீளமாகக் கேட்டால் வியாதி பெரிசு. "எனுக்கு நாலே பக்கம்தான் பொரட்டுனாங்க" என்று கிழவிகள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

புஸ்தகத்துக்கும் அடங்காத கேஸாக இருந்தால் வாசல் பென்ச்சில் உட்கார வைப்பார்கள். சார் வந்து பார்த்து, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் கொடுக்கணும். பிள்ளைகள் லெட்டர் கொடுக்கக் கூடாது, அது சட்டம். அதனால் அதற்கு சார் பென்ச் என்றே பேர் வந்துவிட்டது. காலையில் உட்கார்ந்தவர்கள் வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். வேன் ஹாரன் அடிக்கும். "சாருக்கு இன்னிக்கு வேற ஜோலி. அடுத்த வாரம் கட்டாயம்" என்று ஒரு பிள்ளை வந்து சொல்லும். எழுந்து போவார்கள். அடுத்த வாரம் கொஞ்சம் பேர் வருவார்கள், கொஞ்சம் பேர் வரமாட்டார்கள். வராதவர்கள் சரியாகிப் போனார்களா வேறு மாதிரி ஆனார்களா என்று கேட்க ஆள் கிடையாது.

சாரை நான் பார்த்ததில்லை. ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த பென்ச்சில்தான் என் பொண்டாட்டி உட்கார்ந்தாள்.

கல்யாணமாகிச் சில வருஷம் பிள்ளை தங்கவில்லை. அப்புறம் தங்கியது. முழுகாமல் இருப்பது தெரிந்தவுடனே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுவாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். சின்ன வயசில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளாம், அதிலிருந்தே கொஞ்சம் சோர்ந்த உடம்புதான் என்று அவள் வீட்டில் சொன்னார்கள். நான் கட்டின ஷெட் இருக்கும்போது வேறு எங்கே போவது? கூட்டிக்கொண்டு போனேன்.

பின்னல் போட்ட ஒரு பெண் அவளைப் பார்த்தது. டாக்டரம்மா என்றுதான் நான் கூப்பிடுவேன், படிப்பு முடிக்காவிட்டாலும். குழாயை நெஞ்சில் வைத்தது. எடுத்தது. இடது பக்கமாகப் புரண்டு படுக்கச் சொல்லி மறுபடி வைத்தது. படுதாவுக்குப் பின்னால் போயிற்று. பக்கம் புரண்டது, புரண்டது, புரண்டுகொண்டே இருந்தது. வெளியே பேச்சு நின்றுவிட்டது. பென்ச்சில் இருந்த கிழவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மேஸ்திரி, உங்க வீட்டம்மாவுக்கு நெஞ்சுல ஒரு வால்வு சுருங்கியிருக்குன்னு நெனைக்கிறேன்."

"வால்வுன்னா?"

"கதவு மாதிரி. ரத்தம் போற வழியில இருக்கிற கதவு. முழுசாத் தொறக்க மாட்டேங்குது."

"மழையில மரம் உப்பிப் போச்சின்னா கதவு அப்பிடித்தான் புடிக்கும். இழைச்சி வுட்டா சரியாப் பூடும்."

அந்தப் பெண் சிரித்தது. "கிட்டத்தட்ட அதேதான். பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி, விரலை உள்ள விட்டு வெலக்கி விடுவாங்க. நெறைய பேருக்குப் பண்ணி நல்லா இருக்காங்க."

"அப்ப அனுப்பும்மா."

"நான் அனுப்ப முடியாது. சார் கேட்டுப் பாத்துட்டு லெட்டர் குடுக்கணும்." குரலைத் தணித்துக்கொண்டது. "மாசம் ஏற ஏற நெஞ்சுக்கு வேலை ஜாஸ்தியாகும் மேஸ்திரி. ஏழு எட்டு மாசம் வரைக்கும் விடக் கூடாது. சீக்கிரம் ஆகணும்."

என் காதிலும் ஒருமுறை குழாயை மாட்டிவிட்டது. செவ்வாப்பேட்டைத் தண்டவாளத்தில் தூரத்தில் கூட்ஸ் போகிற மாதிரி அடியில் ஓர் உறுமல். பக்கத்தில் படுத்த எனக்கு அதுவரைக்கும் கேட்காத சத்தம்.

அன்றைக்கு சார் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குள் சேதி பரவிவிட்டது. இப்படித் தெளிவாகக் கேட்கிற நெஞ்சு கிடைப்பது அபூர்வமாம். முதலில் டாக்டரம்மாவின் கூட்டாளிகள் வந்து கேட்டார்கள். அப்புறம் அடுத்த கோஷ்டி. ஒருத்தன் கேட்கிறது என்பான், ஒருத்தன் கேட்கவில்லை என்பான், வாய்ச்சண்டை நடக்கும். டாக்டரம்மா படுதாவைப் பிடித்துக்கொண்டு மரியாதை கெடாமல் பார்த்துக்கொள்ளும். போகப் போக என் பொண்டாட்டிக்கே எல்லாம் அத்துப்படி. புதுப் பையன் குழாயை நீட்டுகிறதற்கு முன்னால் இடது பக்கம் புரண்டுகொள்வாள்.

"அங்க இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் கீழ. ம், அங்கதான். இப்ப மூச்ச வுட்டுட்டு அடக்கிக்கினு இருக்கேன், கேட்டுக்கோ. கேக்குதா?"

"கேக்குதும்மா."

"சீக்கிரம் கேளு. ரொம்ப நேரம் அடக்க முடியாது."

கேட்டுவிட்டுப் போகிற பையன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். அதைப் பார்த்து அவளும் சிரிப்பாள். ஒருத்தன் போகும்போது "தாங்க்ஸ்மா" என்றான். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் நாலு தரம் சொன்னாள். அவளுக்கு அதுவரை யாரும் தாங்க்ஸ் சொன்னதில்லை, நானும் சேர்த்து.

டீக்கடையில் கிண்டல் ஆரம்பித்தது. கடைக்காரன் ஆந்திராப் பக்கத்து ஆள்.

"இன்னா நைனா, உன் பொண்டாட்டிய வாராவாரம் எக்ஸிபிஷன்ல வெக்கிறியாமே. டிக்கெட்டு எவ்ளோ?"

"உனுக்கு ஓசிதான். ஆனா காதுல கொழாய் மாட்டணும். உன் காதுல பீடிதான் நிக்கும்."

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மாசம் ஏறிக்கொண்டிருந்தது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. டாக்டரம்மா தன் பங்குக்கு ஏதோ மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும். ஒவ்வொரு வாரமும் வேனை விட்டு இறங்குகிறபோதே தலையை ஆட்டிவிடும், சார் வரவில்லை என்று.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு அவளை ரயிலில் ஏற்றி மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். லைனில் நின்று உள்ளே போனால் அங்கேயும் ஒரு சின்னப் பையன், கழுத்தில் குழாய். வைத்துப் பார்த்தான். கண் விரிந்தது. இன்னொருத்தனைக் கூப்பிட்டான். அவன் இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டான். அவள் பழக்கதோஷத்தில் இடது பக்கம் புரண்டு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் எங்க பாக்கறீங்க?" என்று கேட்டான். ஷெட்டைச் சொன்னேன்.

"அப்ப இது அந்த சாரோட கேஸ். அவர் லெட்டர் இல்லாம இங்க அட்மிட் பண்ண மாட்டாங்க. அங்கயே வாங்கிக்கினு வந்துடுங்க."

திரும்பி வருகிறபோது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "இங்கயும் பசங்கதான்யா இருக்குதுங்க. பெரியவங்கள்லாம் எங்கதான் இருக்காங்க?"

இத்தனை வயசாகியும் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் டாக்டரம்மாவின் கோஷ்டிக்கு முறை முடிந்து, மெட்ராஸிலேயே வார்டு வேலை போட்டுவிட்டார்கள். புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பெண் போனாலும் விடவில்லை. வேன் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்பியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அமாவாசை, திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்துக்கு சார் வருகிறார், கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன், ஷெட்டுக்கும் கட்டாயம் வருவார் என்று.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. சனிக்கிழமையே ஷெட்டுக்கு வெள்ளை அடித்தேன். பென்ச்சைக் கழுவினேன். ரோஜா மாலை வாங்கினேன். அவ்வளவு பெரிய மனுஷர் வந்தால் ஸ்டேஷனில் நின்று மாலை போட்டு மாட்டு வண்டியில் மரியாதையாக அழைத்து வரணும் இல்லையா? கிளம்பும்போது அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"இன்னா ஆனாலும் பென்ச்ச வுட்டு எந்திரிக்காத. தெரியுதா?"

"தெரியுது. நீ போ."

திருவள்ளூர் ஸ்டேஷனில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். அமாவாசைக் கூட்டம் இறங்குகிறது. உப்பும் மிளகும் வெல்லமும் முடிந்த துணி மூட்டைகள், மொட்டைத் தலைகள், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். அந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் உடம்பு வியாதி கரையும் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். முதல் வகுப்புப் பெட்டிக்கு எதிரே மாலையோடு நின்றேன். கோட்டுப் போட்டவர் யாரும் இறங்கவில்லை. ஒரு போர்ட்டர் கேட்டான், "யாருக்குயா மாலை, மந்திரிக்கா?"

"மந்திரி இன்னா மந்திரி. டாக்டருக்கு."

மத்தியானம் தாண்டிய பிறகு வண்டிக்காரனைத் திருப்பச் சொன்னேன். மாலை வாடி என் கையில் சாயம் ஒட்டியிருந்தது.

ஷெட்டுக்கு வந்தால் பென்ச் காலி. அவள் வேப்ப மரத்தடியில், மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். உள்ளங்கையில் ஒரு கட்டி வெல்லம்.

"இன்னாமே, எதுக்கு எந்திரிச்ச?"

"யாரோ பெரிய சாமி வந்தாருயா, கார்ல. நாமம் போட்டுக்கினு, ஈர வேட்டியோட. அவரு நிக்கசொல்ல நான் எப்பிடி எதுக்கால குந்திக்கினு இருக்கறது? இப்பிடி ஒதுங்கி வந்துட்டேன்."

"இன்னா கேட்டாரு?"

"'என்னம்மா உனக்கு'ன்னாரு. 'ஒண்ணுமில்ல சாமி, சும்மாத்தான் நிக்கிறேன்'ன்னேன். வெல்லம் குடுத்தாரு. பூட்டாரு. நல்ல மனுஷன்."

உள்ளே ரெண்டே பிள்ளைகள் இருந்தார்கள். மற்றவர்கள், எப்படியும் சார் வரப்போவதில்லை என்று வேனை எடுத்துக்கொண்டு பூண்டி ஏரிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். இருந்த ரெண்டு பேரும் அந்த வாரம்தான் புதுசாக வந்தவர்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவர்தான் சார், மேஸ்திரி. கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வந்துட்டார். மத்தவங்க இல்லைன்னு பயங்கரமா சத்தம் போட்டார். பென்ச்சைப் பாத்துட்டு 'கேஸே இல்லையா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டார்."

"இவளக் காட்டலியா?"

"அவங்க வெளியில நின்னாங்க. பேஷன்ட்டுன்னே எங்களுக்குத் தெரியலை."

அவள் காதில் இது விழுந்தது. கையில் இருந்த வெல்லத்தைப் பார்த்தாள். "கொழாய் இல்லியேயா கழுத்துல" என்றாள். "கொழாய் இருந்தா எனுக்குத் தெரிஞ்சிருக்குமே."

நான் டீக்கடைக்காரன் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு திருவள்ளூருக்கு மிதித்தேன். மாலை தோளில் கிடந்தது, எடுத்துப் போடத் தோன்றவில்லை. குளத்தங்கரையில் போய் நின்றேன். ஈர வேட்டி கட்டி நாமம் போட்டவரைத் தேடினேன். அன்றைக்கு அமாவாசை. குளத்தைச் சுற்றிலும் படி தெரியாமல் நின்ற அத்தனை பேரும் ஈர வேட்டி கட்டி நாமம் போட்டிருந்தார்கள். காருக்குப் பக்கத்தில் நின்ற ரெண்டு மூன்று பேரிடம், "சாமி, நீங்க டாக்டரா?" என்று கேட்டேன். ஒருத்தர் விலகிப் போனார். ஒருத்தர் சில்லறை கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்தது சின்னக் கதை. டாக்டரம்மா அதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் லீவு போட்டு ரயிலேறித் தானே வந்தது. என் பொண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது. சாரிடம் சொன்னதாம். 'நான்தான் போனேனே, அன்னிக்கு ஏன் காட்டல? அடுத்த தடவை வர்றப்ப காட்டு' என்றாராம். அடுத்த தடவை எப்போது என்று ஒரு மாணவி ஒரு சாரிடம் கேட்க முடியாது. அதை அந்தப் பெண் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது. மேஸ்திரியிடம் சித்தாள் கேட்க முடியாத கேள்விகள் எத்தனையோ இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு மூச்சுக்குப் பதிலாக நுரை வந்தது. திருவள்ளூர் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஊத்துக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கணும். ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் வரவில்லை. வெயிலில் எங்கே வைப்பது என்று ஷெட்டு வாசல் பென்ச்சில் உட்காரவைத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். ஷெட்டு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் திறந்து என்ன செய்ய? உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு படுதா. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் படுதாவுக்குப் பின்னால் புஸ்தகமாவது புரளும்.

இடது பக்கமாகவே சாய்ந்தாள். பழக்கம். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது அவள் உடம்பு என் மேல் கனத்துவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, விசில் ஊதாமல் கையை மட்டும் காட்டி வண்டியை அனுப்பினான். வயிற்றில் இருந்ததும் அவளோடேயே போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்தது. நான்தானே சாவி வைத்திருந்தேன், திறந்துவிட்டேன். ஒரு பையன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"மேஸ்திரி, அந்த சவுண்டு அம்மா வரலையா? பரீட்சை வருது. ஒருதரம் கேட்டுட்டா நல்லாயிருக்கும்."

"அவ இல்ல தம்பி."

"எப்ப வருவாங்க?"

பக்கத்தில் இருந்தவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் என் மொட்டைத் தலையை அப்போதுதான் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். காய்ச்சல்காரக் குழந்தை ஒன்று. பக்கம் புரளவில்லை.

அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை வைத்தியம் சில வருஷம் நடந்தது. சார் பென்ச்சில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். நான் வெள்ளை அடித்தேன், ஓடு மாற்றினேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கட்டிடம் ஒழுகினால் எனக்குப் பொறுக்காது. பிறகு வேன் நின்றுபோயிற்று. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தன, நான் பெரிய ஆளானேன். வேறு கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியும், கேட்க இஷ்டமில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் ஆள் ஒருத்தன் கும்மிடிப்பூண்டியில் சாரத்தில் நிற்கும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். என் காரில் போட்டு மெட்ராஸுக்குக் கொண்டுபோனேன். அப்போது எனக்குக் கார் இருந்தது. வார்டில் ஒரு பெரிய டாக்டரம்மா பிள்ளைகள் சூழ வந்தது. பின்னல் இல்லை, கொண்டை. காதோரம் நரை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதற்கு என்னைத் தெரியவில்லை. நான் தடித்துப் போயிருந்தேன், மோதிரம் வேறு.

என் ஆளைப் படுக்கவைத்து இடது பக்கம் புரளச் சொல்லி, சுற்றி நின்ற பிள்ளைகளைக் கேட்கச் சொன்னது. ஒரு பையன் எங்கெங்கேயோ வைத்துத் தடுமாறினான்.

"அங்க இல்லை. இன்னும் கொஞ்சம் கீழ. மூச்சை வெளிய விட்டு அடக்கச் சொல்லு. இப்ப கேளு" என்றது. பையன் கேட்டுவிட்டுச் சிரித்தான். அது சொன்னது, "திருவள்ளூர் பக்கம் ஒரு ஷெட்டுல நான் இதைக் கத்துக்கிட்டேன். எங்க சார் கத்துக் குடுத்தது. அப்படி ஒரு டீச்சர் இனிமே வர மாட்டார்."

பிள்ளைகள் நகர்ந்த பிறகு நான் பக்கத்தில் போனேன். "டாக்டரம்மா, நான் மேஸ்திரி. ஷெட்டு மேஸ்திரி."

அதன் கையிலிருந்த குழாய் கீழே தொங்கியது.

"சார் அன்னிக்கு அவ நெஞ்சக் கேக்கவே இல்லியேம்மா" என்றேன்.

தொங்கின குழாயைச் சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்தது. அப்புறம் மெதுவாக, "அப்படித்தான் சொல்லணும் மேஸ்திரி. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லணும்" என்றது. என் ஆளை அன்றைக்கே சேர்த்துக்கொண்டது. லெட்டர் கேட்கவில்லை. அவன் பிழைத்து இன்னும் இருக்கிறான். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபம் யார் மேல் என்று தெரிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாரையும் நல்ல மனுஷன் என்று என் பொண்டாட்டியே சொல்லிவிட்டுப் போய்விட்டாளே.

சார் ரிட்டயர் ஆனபோது ஷெட்டில் ஒரு சலவைக்கல் பதித்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. நான் பூசின சுவரைக் கொத்தி, கோணலாக, சிமெண்டு வழிய வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தைத் தோற்றுவித்து மாணவர்களுக்குக் கற்பித்தவர் என்று சார் பேர் இருக்கிறது. இப்போது காலேஜைப் பற்றி ஒரு புஸ்தகம் போடுகிறார்களாம். அதிலும் இந்த ஷெட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறதாம், அதிலும் சார்தானாம்.

அதனால்தான் அந்தப் புஸ்தகம் போடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். சார் பேர் இருக்கட்டும், அதைச் சுரண்டச் சொல்லவில்லை. அதற்குக் கீழே எழுதுங்கள். இந்த ஷெட்டைக் கடைக்காலிலிருந்து ஓடு வரைக்கும் எழுப்பியவன் ஊத்துக்கோட்டை ரோட்டு மேஸ்திரி, இந்த பென்ச்சைச் செய்தவனும் அவன்தான். இங்கே வந்த பிள்ளைகள் நெஞ்சுச் சத்தம் கற்றுக்கொண்டது அவன் பொண்டாட்டியிடம். மூச்சு வாங்குகிறவள் அவர்களுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காட்டினாள். அவளை அங்கே கூட்டிவந்து உட்காரவைத்தவன் நான். அதுவும் என் பங்குதான், அதையும் எழுதுங்கள்.

கல் வெட்ட எனக்கு ஆள் இருக்கிறது, பதிக்க என் கையே போதும், கோணாமல் பதிப்பேன். ஆனால் நானே எனக்கு வைத்துக்கொண்டால் அது கணக்கில் வராது. அவள் நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போன நீங்கள் எழுத வேண்டும். ஷெட்டு அங்கேயேதான் இருக்கிறது, சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வந்து எழுதுங்கள்.